வள்ளை: நீர்மேல் ஓடும் கொடி

வள்ளை ஏறாத கொடி. அவரை பந்தலைத் தேடும், முல்லை கொழுகொம்பைச் சுற்றும். வள்ளையோ நீர்ப்பரப்பில் படுத்தபடியே ஓடும். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தாமரைக் குளத்தின் விளிம்பிலும் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, அம்புமுனை போன்ற இலைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும். மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் இலைக்கக்கங்களில் வெளிர் ஊதா நிறப் புனல்பூக்கள் விரியும். தமிழ்நாட்டில் இது வள்ளைக்கீரை, இலங்கையில் கங்குன், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காங்கோங், வங்காளத்தில் கல்மி. தாவரவியல் பெயர் ஐபோமியா அக்வாட்டிக்கா. உலக்கை குத்தும்போது பெண்கள் பாடிய வள்ளைப்பாட்டுக்கும் இந்தக் கொடிக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை.

ஐபோமியா என்ற பேரினம் பெரியது; தமிழர்களுக்குப் பழக்கமானதும்கூட. சர்க்கரைவள்ளிக்கிழங்கு அதில் ஒன்று. கடற்கரை மணலில் ஆட்டுக்குளம்பு போன்ற இலையோடு படரும் அடும்பு இன்னொன்று. ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு மூன்றாவது. அது பெயரில்தான் ஆமணக்கு, குடும்பத்தால் வள்ளைக்குப் பங்காளி. ‘புழுவைப் போன்றது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இந்தப் பேரினத்தின் பெயர் பிறந்தது. வளைந்து நெளிந்து ஊரும் தண்டைப் பார்த்து வைத்த பெயர், வள்ளைக்கு மிகவும் பொருந்தும்.

தாவரவியல் ஏட்டில் வள்ளைக்கு இடம் கிடைத்த கதை சோகமானது. டென்மார்க் மன்னர் 1761இல் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பினார். குழுவின் இயற்கையியலாளர் பெர் ஃபோர்ஸ்கோல், லின்னேயசிடம் பயின்றவர். யேமனில் செடி செடியாகக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர் 1763இல் மலேரியாவால் அங்கேயே இறந்துபோனார். குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். நண்பரின் குறிப்புகளை அவர் 1775இல் நூலாக வெளியிட்டார். வள்ளையின் இன்றைய அறிவியல் பெயர் அந்த நூலில்தான் முதன்முதலாக அச்சேறியது.

உள்ளே ஒன்றுமில்லாத தண்டு

வள்ளைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் துளை தெரியும். இந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கால்பங்கு அந்தத் துளைக்குள் அடங்கிவிடும்: அது மிதப்பது, விரைவது, சேற்றில் அழுகாமல் நிற்பது, சில நாடுகளில் சட்டத்தால் துரத்தப்படுவது எல்லாமே.

சங்கப் புலவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். அள்ளூர் நன்முல்லையார் பாடிய அகநானூற்றின் 46ஆம் பாடலில் ஓர் எருமை இரவில் கட்டை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, வயலில் இறங்கி, வள்ளையைச் சிதைத்துத் தாமரையை மேய்கிறது. அங்கே வள்ளைக்குத் தரப்பட்டிருக்கும் அடை, உள்துளை உடையது என்பதுதான். பின்வந்த புலவர்கள் பெண்களின் காதுக்கு வள்ளையை உவமையாக்கியது தனிக்கதை. ஆனால் செடியைத் துளையால் அடையாளம் காட்டியதில் ஒரு தாவரவியலாளரின் கண் இருக்கிறது.

துளையின் முதல் வேலை மிதப்பது. தண்டின் இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள பகுதி காற்றடைத்த ஒரு குழாய். கணு வரும் இடத்தில் குறுக்கே சதை வளர்ந்து அதை மூடிவிடுகிறது. இதனால் ஒரு துண்டு உடைந்து நீர் புகுந்தாலும் அடுத்த துண்டு மூழ்குவதில்லை. பெரிய கப்பல்களின் அடிவயிற்றைத் தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரிப்பது இதே காரணத்துக்காகத்தான். அதே குளத்தில் மிதக்கும் நீர்ச்சுண்டி வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது: தண்டுக்கு வெளியே வெள்ளைப் பஞ்சுபோன்ற உறையைப் போர்த்திக்கொண்டு மிதக்கிறது. ஒன்று உள்ளே காற்றை அடைத்தது. மற்றது மேலே காற்றைச் சுற்றிக்கொண்டது.

இரண்டாவது வேலை மூச்சு. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகுவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அங்கே குற்றம் தண்ணீருடையதல்ல, ஆக்சிஜன் பற்றாக்குறையுடையது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவுகிறது. மண்துகள்களுக்கு நடுவே நீர் நிறைந்ததும், இருக்கும் கொஞ்சத்தையும் வேர்களும் நுண்ணுயிர்களும் தீர்த்துவிடுகின்றன. சேறு கறுப்பதும், கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிப்பதும் அதன் அடையாளம். வள்ளை தன் வேருக்கு வேண்டிய காற்றை இலைப்பக்கத்திலிருந்து தண்டு வழியாகவே கீழே அனுப்பிவிடுகிறது. கணுவின் சதையிலும் வேரின் உள்ளேயும் நுண்ணிய காற்றிடைவெளிகள் இருக்கின்றன. சேற்றில் மூச்சுத்திணறாத செடிக்கு அங்கே தேங்கிக் கிடக்கும் சத்து முழுவதும் போட்டியில்லாத சொத்து.

மூன்றாவது, சிக்கனம். நிமிர்ந்து நிற்கும் செடி தன் எடையைத் தாங்க நார் வளர்க்க வேண்டும், கட்டை வளர்க்க வேண்டும். வள்ளையின் எடையை நீர் சுமக்கிறது. மிச்சமான பொருளையெல்லாம் அது நீளத்தில் போடுகிறது. வெப்பமும் சத்தும் கூடிவந்தால் நாளொன்றுக்குப் பத்து சென்டிமீட்டர்வரை வளரக்கூடியது. மண்தரையில் வளரும் வள்ளை இந்த வேகத்தை எட்டுவதில்லை. தண்டு மெலிந்து, இலை குறுகி, வேறு செடியோ என்று ஐயப்படும்படி இருக்கும்.

கணுவிலிருந்து கிளம்பும் வேர்களிலும் வேறுபாடு உண்டு. சேற்றைத் தொடுபவை ஆழ இறங்கிக் கொடியை நங்கூரமிடும். நீரிலேயே தொங்குபவை இறகுபோல் கிளைத்து, கரைந்திருக்கும் நைட்ரேட்டை நேரடியாக உறிஞ்சும். மீன்தொட்டிக் கழிவுநீரை வள்ளை வளர்த்துத் தெளியவைக்கும் முறைகள் இந்த இறகுவேரை நம்பியே நடக்கின்றன.

நாற்றுக்கு எங்கே போவது

விதைக்கடையில் கிடைக்கும் பொட்டலத்து வள்ளை, தென்கிழக்காசியாவிலும் சீனாவிலும் கீரைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை. தண்டு பச்சை, இலை மூங்கிலிலைபோல் ஒடுங்கியது, பூ பெரும்பாலும் வெள்ளை. விதைத்து ஒரு மாதத்தில் வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டி விற்பதற்காக உருவானது அது. பூவுக்காகவும் உள்ளூர்க் கொடி என்பதற்காகவும் வளர்ப்பவருக்கு அது ஏமாற்றமே. ஏரிகளில் தானாகப் படரும் வள்ளையின் தண்டு செம்மை ஓடியது, இலை அகன்றது, பூவின் விளிம்பு வெளிர் ஊதா, தொண்டை கருஞ்சிவப்பு கலந்த ஊதா. தண்டிலும் பூவிலும் நிறம் தருவது அந்தோசயனின் என்ற ஒரே நிறமிக் குடும்பம். அதனால் செந்தண்டாகப் பார்த்து எடுத்தால் நிறப்பூ கிடைக்கும் என்பது பொதுவாகப் பொய்ப்பதில்லை.

எடுக்குமுன் ஆள்மாறாட்டத்தைத் தவிர்க்க வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவும் இதே வடிவம், இதே இளஞ்சிவப்பு ஊதா. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த புதர். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், இலை இதயவடிவில் நீண்டிருக்கும், கால்நடை தொடர்ந்து தின்றால் நரம்பு மண்டலம் கெடும் அளவுக்கு நச்சுடையது. படுத்துக் கிடப்பதும், அம்புமுனை இலையும், விரலால் அழுத்தினால் நசுங்கும் துளைத்தண்டும் வள்ளையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு குழப்பம் வராது.

சரணாலயங்களிலும் காப்பு நிலங்களிலும் செடி பறிக்கக் கூடாது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை போன்ற இடங்கள் இதில் அடங்கும். சாதாரண வயல் வாய்க்காலில் வளர்வதில் நாலு துண்டு போதும். முழங்கை நீளத்தில், நான்கைந்து கணுக்கள் இருக்கும்படி, முற்றியும் முற்றாமலும் உள்ள தண்டாக நறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தால் இரண்டு நாள்வரை வாடாது. வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால் மூன்று நான்கு நாட்களில் கணுக்களில் வெள்ளை வேர்முனைகள் தெரியும். வாய்க்காலிலிருந்து கூடவே வந்த பாசியையும் நத்தை முட்டையையும் அலசிவிட இந்த வாளிநாட்கள் உதவும்.

விதையிலிருந்து தொடங்குவோர் முதலில் விதைத்தோலை வெல்ல வேண்டும். வள்ளையின் ஓட்டுக்கனி ஒன்றில் அதிகபட்சம் நான்கு விதைகள் இருக்கும். தோல் கடினமானது, நீரை எளிதில் உள்ளே விடாது. இரவு முழுவதும் ஊறவைத்தும் பருக்காத விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மீண்டும் ஊறப்போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். விதைநாற்று ஆரம்பத்தில் ஆழமான நீரைத் தாங்காது. ஈரச்சேறு போதும், நாலு இலை விட்டபின் நீரை ஏற்றலாம். தண்டு நடுவதில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பதால் அனுபவப்பட்டவர்கள் விதையை நாடுவதில்லை.

தொட்டி, சேறு, தண்ணீர்

அடியில் ஓட்டையில்லாத எந்தப் பாத்திரமும் ஆகும். பழைய சிமெண்டுத் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கழுநீர்த்தொட்டி, அகன்ற பிளாஸ்டிக் டப். ஆழத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் வள்ளைக்கு வேண்டியது கிடைமட்ட வெளி. முழங்கை ஆழமும் அதைப்போல் இரண்டு மடங்கு அகலமும் இருந்தால் நல்ல காட்சி அமையும். புதுச் சிமெண்டுத் தொட்டியின் நீர் பல வாரங்களுக்குக் காரமாகவே இருக்கும். நீர் நிரப்பி, நாலைந்து நாள் விட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று மூன்று நான்கு முறை செய்தபிறகே நட வேண்டும்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண். இங்கே மாடித்தோட்டப் பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கிறது. தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த இலேசான கலவை, நீர் ஊற்றியதும் மேலே மிதந்து வந்து தொட்டியையே கலக்கிவிடும். ஏரி வண்டலோ களிமண் மிகுந்த வயல்மண்ணோதான் சரி. நன்றாக மக்கிய தொழுவுரத்தை ஐந்தில் ஒரு பங்கு கலந்து, அதன்மேல் இரண்டு விரற்கடை ஆற்றுமணலைப் பரப்பினால் நீர் தெளிவாக நிற்கும். பச்சைச் சாணம் போட்டால் அது நொதித்து, சேற்றில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

தண்டுகளைச் சாய்வாக, இரண்டு கணு சேற்றுக்குள் போகும்படி செருக வேண்டும். முதல் பத்து நாட்கள் மண்ணுக்கு மேல் மூன்று விரற்கடை நீர் போதும். வேர்பிடித்துப் புதுத்துளிர் வந்ததும் ஒரு சாண்வரை உயர்த்தலாம். நீரை மெல்ல உயர்த்தினால் கொடியும் அதோடு சேர்ந்து எழும். ஒரே நாளில் மூழ்கடித்தால் இலைகள் மூச்சுவிட வழியின்றி அழுகும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் கொடி செத்துப்போகாது, ஆனால் பூக்காது. இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து டிகிரி செல்சியஸ்வரை வள்ளைக்கு உற்ற வெப்பம். பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும், உறைபனி கொல்லும். உதகையிலும் கொடைக்கானலிலும் இதை வளர்க்க முயல்வது வீண்வேலை.

தொட்டியே வேண்டாம், குளமிருக்கிறது என்பவர்களுக்குச் சீனர்கள் ஒரு பழைய வழியைக் காட்டியிருக்கிறார்கள். கி.பி. 304இல் ஜி ஹான் எழுதியதாகச் சொல்லப்படும் தென்னாட்டுத் தாவரங்கள் பற்றிய நூலில், நாணலைப் பின்னி மிதவை செய்து, அதில் சிறு துளைகள் இட்டு, நீரின்மேல் விட்டு, துளைகளின் வழியே வள்ளையை வளர்க்கும் முறை விவரிக்கப்படுகிறது. மண்ணில்லா விவசாயம் என்று இன்று புதிதாகப் பேசப்படுவதன் மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. மூங்கிலால் சதுரச் சட்டம் கட்டி, தென்னங்கயிறு பின்னி, அதில் வேர்பிடித்த தண்டுகளைச் செருகினால் இன்றும் அது வேலை செய்யும். கொடி எல்லைமீறிப் பரவாமல் சட்டத்துக்குள் நிறுத்திவைப்பது கூடுதல் நன்மை.

தண்ணீர் என்றதும் எழும் கேள்வி கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டிகளைத்தான் விரும்பி முட்டையிடும். வள்ளையின் இலைநிழல் அதற்கு இன்னும் வசதி. ஆகவே மீன் இல்லாமல் நீர்த்தொட்டி வைப்பதை அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் தீங்கு என்றே சொல்ல வேண்டும். வயல்வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும், தலையுச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னும் அப்லோகைலஸ் என்ற சிறுமீன் நம் மண்ணுக்கே உரியது. கொசுப்புழுவைத் தேடித் தின்னும். கடையில் விற்கும் கப்பியும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் கப்பியும் கம்பூசியாவும் வெளிநாட்டு மீன்கள். தொட்டியைக் காலிசெய்யும்போது அவற்றைக் குளத்தில் கொட்டக் கூடாது.

கீரையா, பூவா

வள்ளையை வளர்ப்பவர் ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நுனியைக் கிள்ளினால் கீழ்க்கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும். அவற்றையும் கிள்ளினால் இன்னும் கிளைக்கும். வாரம் ஒருமுறை பறிக்கும் தொட்டி பச்சைப் பசேலென்று புதராக நிற்கும், பூ மட்டும் வராது. முற்றிய தண்டின் இலைக்கக்கத்தில்தான் மொட்டு உருவாகும். தண்டை முற்றவே விடாதபோது மொட்டுக்கு இடமேது?

இதற்குமேல் பகலின் நீளம் வேறு குறுக்கே நிற்கிறது. வள்ளை ஒரு குறும்பகல் தாவரம். பகல் சுருங்கி இரவு நீளும் காலத்தில்தான் அது பூக்கத் தலைப்படும். குறும்பகல் என்பது வழக்கில் வந்த பெயரே தவிர, இத்தகைய செடிகள் அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கன்னியாகுமரியில் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. இவ்வளவு சிறிய மாற்றத்தை இலைகள் உணர்ந்துகொள்கின்றன. தெருவிளக்கு இரவெல்லாம் கொட்டும் மூலையில் தொட்டியை வைத்தால் செடியின் கணக்குத் தப்பக்கூடும். கொழுத்த கொடி பூக்காமல் நின்றால் முதலில் விளக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் உரத்தின்மேல். நைட்ரஜன் மிகுந்தால் இலை செழிக்கும், பூ பின்வாங்கும். ஆடியில் நட்ட கொடிக்குப் புரட்டாசிவரை இரு வாரத்துக்கு ஒருமுறை, மக்கிய உரத்தைக் களிமண்ணில் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி, வேரருகே சேற்றில் அழுத்திவிடலாம். ஐப்பசி பிறந்ததும் உரத்தையும் கிள்ளுவதையும் ஒருசேர நிறுத்திவிட்டால், கார்த்திகை மார்கழியில் மொட்டுகள் காணும்.

மொட்டு முறுக்கிச் சுருட்டிய குடை. விடியலில் முறுக்கு அவிழ்ந்து, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் புனலாக விரியும். ஐந்து இதழ்கள் விளிம்பே தெரியாமல் ஒட்டிப்போனவை. நடுவில் ஓடும் ஐந்து வரிகள் மட்டும் பழைய கணக்கைச் சொல்லும். உள்ளே ஐந்து மகரந்தத்தாள்கள், ஒன்றுக்கொன்று உயரம் வேறு. கருவறையைச் சுற்றித் தேன் சுரக்கும் வளையம். அடர்ந்த ஊதாத் தொண்டை தேனீக்கு வழிகாட்டி. உள்ளே நுழையும் தேனீயின் முதுகிலும் வயிற்றிலும் மகரந்தப்பொடி அப்பிக்கொள்ளும். வெயில் ஏறினால் புனல் சுருங்கத் தொடங்கும். ஒரு பூவுக்கு ஒரே காலை. பூ பார்க்க விரும்புகிறவர் தூங்குமூஞ்சியாக இருக்கக் கூடாது. மறுநாளைக்கான மொட்டு அதற்கடுத்த கணுவில் தயாராக இருக்கும் என்பதால் இழப்பு தெரிவதில்லை. நல்ல தொட்டி தை முடியும்வரை பூத்துக்கொண்டிருக்கும்.

தின்பவர்கள்

இலையில் வட்ட வட்டமாகச் சல்லடைத் துளைகள் விழுந்தால் அது ஆமைவண்டின் வேலை. பொன்முலாம் பூசிய பொட்டுபோல் இருக்கும் இந்த வண்டு பார்க்க அவ்வளவு அழகு. அதன் புழுவோ, தான் கழற்றிய தோலையும் தன் எச்சத்தையும் வால்முனைக் கவையில் சேர்த்து, முதுகின்மேல் குடைபோல் பிடித்துக்கொண்டு திரியும். எறும்பு நெருங்கினால் அந்தக் குப்பைக்குடையை அதன் முகத்தில் நீட்டும். கையால் பொறுக்கி எடுத்தாலே கட்டுப்படும். கொஞ்சத்தை விட்டுவைத்தால் வேடிக்கைக்கும் ஆயிற்று.

வெண்துரு நோய் அவ்வளவு வேடிக்கையானதல்ல. இலையின் மேற்பக்கத்தில் மஞ்சள் புள்ளி, அதற்கு நேர்கீழே வெள்ளைக் கொப்புளம், தண்டில் வீக்கம் என்று அது வெளிப்படும். அல்புகோ என்ற பூஞ்சைபோன்ற உயிரி காரணம். ஈரம் நின்ற இலையில் எளிதாகப் பரவும். கண்ட இலைகளைக் கிள்ளி எரிப்பது, மேலிருந்து நீர் தெளிக்காமல் தொட்டியின் ஓரமாக ஊற்றுவது, நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட்டம் விடுவது என்ற மூன்றையும் செய்தால் பெரும்பாலும் போதும். மீன் வாழும் நீரில் மருந்து தெளிப்பது பற்றி யோசிக்கவே கூடாது.

மனிதர்களும் தின்பவர்கள்தாம். நூறு கிராம் வள்ளையில் தண்ணீர் 92 கிராமுக்குமேல், புரதம் 2.6 கிராம், வைட்டமின் சி 55 மில்லிகிராம், இரும்பு 1.7 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. பீட்டா கரோட்டினும் நிறைய. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூ போட்ட வறை, சிங்கப்பூரில் சம்பால் காங்கோங், தமிழ்நாட்டில் பருப்போடு கடைசல் என்று ஒவ்வோரிடத்திலும் ஒரு பக்குவம். துளைத்தண்டுக்குள் அட்டை ஒளிந்திருக்கும் என்ற பயம் தென்கிழக்காசியச் சமையலறைகளில் உண்டு. கணுக்கள் மூடிய முழுத்தண்டில் எதுவும் நுழைய வழியில்லை. உடைந்த தண்டை நீளவாட்டில் பிளந்து அலசினால் பயத்துக்கும் இடமில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. ஃபேசியோலோப்சிஸ் என்ற தட்டைப்புழு ஏழு சென்டிமீட்டர்வரை வளர்ந்து மனிதக் குடலில் வாழும். மலத்தோடு நீரில் கலக்கும் அதன் முட்டை பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, வெளியேறி, நீர்த்தாவரங்களின்மேல் கூடுகட்டிக் காத்திருக்கும். அசாம், பீகார், உத்தரப்பிரதேசம் போன்ற இடங்களில் இந்தத் தொற்று பதிவாகியிருக்கிறது. பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவைப்பதே காப்பு.

கன உலோகங்களை வேகவைத்துப் போக்க முடியாது. சத்தை உறிஞ்சும் அதே இறகுவேர் ஈயத்தையும் காட்மியத்தையும் பாதரசத்தையும் சேர்த்தே உறிஞ்சும். பாங்காக் வட்டாரத்தில் விளைந்த வள்ளையை அளந்து 2002இல் வெளியான ஆய்வு இம்மூன்றையும் கண்டது; பாதரசத்தில் ஒரு பகுதி மிகவும் நச்சான மெத்தில் பாதரசமாகவே இருந்தது. நகரச் சாக்கடை கலக்கும் ஏரியில் தளதளவென்று கிடக்கும் வள்ளை, அந்தச் செழிப்பாலேயே சந்தேகத்துக்குரியது. அங்கிருந்து நடுவதற்குத் துண்டு எடுக்கலாம். கீரை பறிக்கக் கூடாது. சொந்தத் தொட்டியில், தெரிந்த மண்ணில், கிணற்றுநீரிலோ மழைநீரிலோ வளர்வதற்கு இந்தக் கவலைகள் இல்லை.

ஊர் மாறினால்

அமெரிக்காவில் வள்ளை கூட்டரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலம் 1973 முதலே தடை செய்திருக்கிறது. கம்போடியா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் ஊர்ச்சுவைக்காகக் கொண்டுபோன கொடி அங்குள்ள கால்வாய்களில் இறங்கி, நீர்ப்பரப்பைப் பாய்போல் மூடி, கீழேயுள்ள செடிகளுக்கு வெளிச்சத்தையும் நீருக்கு ஓட்டத்தையும் தடுத்தது. நம் குளங்களில் தென்னமெரிக்காவின் ஆகாயத்தாமரை செய்வதும் இதையேதான்.

அதே செடி தமிழ்நாட்டு ஏரியில் ஏன் அடங்கிக் கிடக்கிறது? ஆமைவண்டும் வெண்துருவும் எருமையும் கீரை பறிக்கும் கையும் ஒரு பக்கம் குறைக்கின்றன. அதைவிடப் பெரிய கடிவாளம் கோடை. மானாவாரி ஏரிகள் பங்குனி சித்திரையில் வற்றிவிடும். துளைத்தண்டு வறட்சிக்கு ஆகாத உடல். கொடி காய்ந்து சருகாகும். ஃபுளோரிடாவின் கால்வாயில் தண்ணீர் வற்றுவதுமில்லை, அந்த வண்டுக்கூட்டம் கூட வருவதுமில்லை. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் நகரக் குளங்களில், சாக்கடைச் சத்தும் சேர்ந்தால், வள்ளை நம்மூரிலேயே அடைசலாவது உண்டு. ஆகவே கவாத்துச் செய்த தண்டுகளை ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. ஒரு கணு இருந்தால் ஒரு செடி. மாட்டுக்குப் போடலாம், உரக்குழியில் சேர்ப்பதானால் மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

கடைசிப் பூக்கள் உதிர்ந்து ஒரு மாதத்தில் கனிகள் பழுப்பேறும். புல்லிவட்டம் கனியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஓடு காய்ந்து உடையுமுன் பறித்து நிழலில் உலர்த்தினால் கருத்த விதைகள் கையில் உதிரும். இந்தக் கட்டத்தில் தொட்டிக்கு நீர் ஊற்றுவதை நிறுத்தி, மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஏரிக்கு நேர்வதைத் தொட்டிக்கும் நேரவிடலாம். கொடி வாடும், சேறு பாளம் பாளமாக வெடிக்கும். சேகரிக்காமல் தவறிய விதைகள் அந்த வெடிப்புகளுக்குள் விழுந்து கிடக்கும். கோடைவெயில் விதைத்தோலைச் சூடேற்றியும் குளிரவைத்தும் மெல்லத் தளர்த்தும். ஆடியில் மண்ணைக் கிளறாமல் மேலாக நீர் விட்டால், வெடிப்பு மூடிய கோடுகளின் வழியே, பிளந்த வால்போல் இரு கவையான வித்திலைகளுடன் நாற்றுகள் எழும்.